சாயப் பெட்டியும் மூன்றாம் தண்ணீரும்

மூன்று மாதத்துக்கு முன்னால் தபாலில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. மேலே 'பருத்தித் துணிக்கான இயற்கைச் சாயத் தொகுப்பு' என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது. சொந்தப் பணத்தில் வாங்கியது; எழுதித் தாருங்கள் என்று யாரும் இலவசமாக அனுப்பவில்லை. விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, பாராட்டவும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டுமே சரக்கைப் பற்றியவை. இது மாதிரியான பெட்டி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் நோட்டுப்புத்தகக் குறிப்புகள் உதவட்டும்.

நான் பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எடை போடாமல் எதையும் கலக்க எனக்குக் கை வராது. இப்போது பருத்தித் துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தை விரிப்பு தைக்கிறேன். கடையில் கிடைக்கும் சிவப்பும் நீலமும் கண்ணைக் குத்துகின்றன. கொஞ்சம் அடங்கிய நிறம் வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

பெட்டியைத் திறந்ததும் மணமே ஒரு கதை சொன்னது: காய்ந்த வேர், பழைய மரம், மருந்துக்கடை எல்லாம் கலந்த வாசனை. உள்ளே 300 கிராம் சாய வேர், 100 கிராம் மாதுளை ஓட்டுத்தூள், 100 கிராம் கடுக்காய்ப் பொடி, ஐம்பது கிராம் காசுக்கட்டி, ஒரு சிறு பொட்டலம் மஞ்சள் தூள், 'அவுரி' என்று எழுதிய பச்சைப் பொடி, படிகாரம், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, ஒரு மெல்லிய துணிப்பை, நான்கு பக்கச் செய்முறைத் தாள். வேரின் பொட்டலத்தில் ரூபியா டிங்க்டோரம் என்று தாவரப் பெயரும் போட்டிருந்தார்கள். இதற்கு ஒரு மதிப்பெண் உடனே கொடுத்தேன். நாம் மஞ்சிட்டி என்பது ரூபியா கார்டிஃபோலியா. அதில் பர்புரின், மஞ்சிஸ்டின் என்ற நிறப்பொருள்கள் அதிகம். டிங்க்டோரம் அதன் உறவுக்காரி. அதன் சிவப்புக்கு முக்கியக் காரணம் அலிசாரின் என்ற நிறப்பொருள். இரண்டையும் ஒன்றாக 'சிவப்பு வேர்' என்று விற்பவர்கள் இருக்கும் காலத்தில், எது என்று சொல்லி அனுப்பியது நேர்மைதான்.

நேர்மை தாளில் தொடரவில்லை. 'வேரை ஒரு மணி நேரம் நன்கு கொதிக்க வைக்கவும். வடிகட்டவும். படிகாரம் சேர்க்கவும். துணியை இட்டு அரை மணி நேரம் கொதிக்க வைக்கவும். அழியாத சிவப்பு தயார்.' இவ்வளவுதான். நானும் முதல் தடவை அதன்படியே செய்தேன். 100 கிராம் வேர், மூன்று லிட்டர் தண்ணீர், 100 கிராம் வெள்ளைப் பருத்தித் துணி. பாத்திரத்தில் இருந்த நீர் கறுத்த சிவப்பாகப் பார்க்கவே பயமாக இருந்தது. துணியை வெளியே எடுத்தபோதும் நல்ல நிறம். குழாயடியில் அலசினேன். அலச அலச ஓடிற்று. கடைசியில் கையில் மிஞ்சியது பழைய செங்கல்லின் பின்புறம் மாதிரி ஒரு வெளிறிய நிறம், அதுவும் திட்டுத் திட்டாக.

என் மகள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அம்மா, இது சிவப்பா, இல்லை துரு பிடித்ததா?"

"இயற்கைச் சாயம் அப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

வேர்ச்சக்கையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. செய்தித்தாளில் பரப்பி நிழலில் காய வைத்தேன். கஞ்சத்தனம் என்று என் கணவர் சொன்னார். அந்தக் கஞ்சத்தனத்தால்தான் பிறகு விஷயம் புரிந்தது.

முதலில் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதுத் துணியில் நெசவுப் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், பருத்திக்கே உரிய மெழுகும் பெக்டினும் இருக்கும். மீதித் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தாமரை இலையில் நிற்பது போல முத்தாக நின்றது. பத்து விநாடி, இருபது விநாடி, அப்போதும் நின்றது. தண்ணீரே உள்ளே இறங்காத இடத்தில் சாயம் எப்படி இறங்கும்? பெரிய பாத்திரத்தில் நான்கு லிட்டர் நீர், இரண்டு தேக்கரண்டி சலவை சோடா, கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு ஒன்றரை மணி நேரம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்தேன். வெள்ளைத் துணி என்று நான் நினைத்திருந்ததிலிருந்து தேநீர் நிறத்தில் நீர் வந்தது. மறுபடி சொட்டு விட்டேன். விழுந்த இடம் தெரியாமல் உறிஞ்சிக்கொண்டது. இந்த ஒரு சோதனை போதும், வேறு கருவி வேண்டாம்.

அடுத்தது நிறமூன்றி, அதாவது சாயத்தைத் துணியில் பிடித்து நிறுத்தும் பொருள். கம்பளியும் பட்டும் புரதம். படிகாரத்திலுள்ள அலுமினியம் அவற்றைத் தானே பற்றிக்கொள்ளும். பருத்தி செல்லுலோஸ். அதில் அலுமினியம் பற்றிக்கொள்ளக் கொழுகொம்பு கிடையாது. வெறும் படிகாரத்தில் முக்கி எடுத்தால் அலசும்போது பெரும்பகுதி நீரோடு போய்விடும். முதலில் துவர்ப்புச் சத்தை, அதாவது டானினை, துணியில் ஏற்ற வேண்டும். டானின் பருத்தியைப் பற்றும், அலுமினியம் டானினைப் பற்றும், சாயம் அலுமினியத்தைப் பற்றும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணிக்கு வேண்டிய கடுக்காய்ப் பொடி பெட்டியிலேயே இருந்தது. தாள் அதை எப்படி அறிமுகப்படுத்துகிறது தெரியுமா? 'மஞ்சள் நிறத்துக்கான சாயம்.' சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு அலங்காரமாக மாட்டுங்கள் என்று சொன்ன மாதிரி.

100 கிராம் துணிக்கு இருபது கிராம் கடுக்காய்ப் பொடி. வெந்நீரில் கரைத்து, துணியை இரவு முழுதும் ஊற விட்டேன். காலையில் அலசாமல் பிழிந்து மட்டும் எடுத்தேன். பிறகு பதினைந்து கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, இரண்டு கிராம் சலவை சோடாவைத் தனியே கரைத்து அதில் மெதுவாக ஊற்றினேன். பொங்கி நுரைக்கும், அவசரப்பட்டால் மேடையெல்லாம் வழியும், எனக்கு வழிந்தது. நுரை அடங்கியதும் துணியை அதில் மறுபடி ஓர் இரவு. இப்படித் தயாரான துணி வெண்ணெய் மஞ்சளாக இருக்கும். சுத்தமான இளஞ்சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு இந்த மஞ்சள் இடைஞ்சல். அவர்கள் மாசிக்காய் தேடிக்கொள்வது நல்லது, அது அவ்வளவு நிறம் சேர்க்காது.

இனி அந்தச் சக்கைக்கு வருகிறேன். ஒரு முறை கொதித்துக் காய்ந்த வேர்த்துண்டுகளை மறுபடி ஒன்றேகால் லிட்டர் வெந்நீரில் ஊற வைத்து, அடுப்பில் மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து வடித்தேன். வெள்ளைச் சாஸரில் ஒரு கரண்டி விட்டுப் பார்த்தால், நல்ல சிவப்பு. இன்னொரு முறை ஊற்றினேன். மூன்றாம் தண்ணீரும் சிவப்பு. இரண்டையும் சேர்த்து, தயார் செய்த துணியை அதில் போட்டேன். குப்பைக்குப் போக வேண்டிய வேரிலிருந்து, முதல் துணியைவிட இரண்டு மடங்கு ஆழமான செம்மண் நிறம் வந்தது. அலசினால் நீரில் லேசாகத்தான் இறங்கிற்று. என் கணவர் அன்று கஞ்சத்தனம் என்ற வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குதான். வடித்த பிறகும் வேரும் பையும் சேர்ந்து ஏறக்குறைய அரை லிட்டர் சாயநீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று வையுங்கள். மூன்று லிட்டரையும் ஒரே தடவை ஊற்றி வடித்தால், கரைந்ததில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 17 சதவீதம், சக்கையிலேயே தங்கிவிடும். அதே மூன்று லிட்டரை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை வடித்தால் தங்குவது 8 சதவீதம். மூன்று முறை என்றால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு சொட்டு நீர்கூட அதிகம் செலவில்லை. வேருக்குள்ளிருந்து கரைந்து வெளியே வருவதற்கே நேரம் பிடிக்கும் என்பதால், நடைமுறையில் இரண்டாம் மூன்றாம் தண்ணீரின் லாபம் இந்தக் கணக்கைவிடப் பெரியது. காகிதத்தில் இவ்வளவு சுலபமான விஷயத்தை அந்த நான்கு பக்கத் தாளில் நான்கு வரியாக எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் முழுவதும் சிரிக்கும் பெண்ணின் படம் போட்டிருக்கிறார்கள்.

வேர் துண்டுகளாக வந்ததும் ஒரு குறைதான். சில துண்டுகள் பென்சில் தடிமன். சாயநீரில் மூன்று முறை கிடந்த ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன்: ஓரமெல்லாம் வெளிறிப் போயிருந்தது, நடுவில் மட்டும் ஆரஞ்சுச் சிவப்பாக ஒரு வட்டம் அப்படியே இருந்தது. அவ்வளவு வேலையும் தோலோடு நின்றுவிட்டது. இரண்டாவது 100 கிராமை ஊற வைத்து, சாயத்துக்கென்றே ஒதுக்கிய பழைய மிக்ஸியில் கரகரப்பாக அரைத்தேன். மாவாக அரைக்காதீர்கள், பையின் கண்களை அடைத்துக்கொள்ளும், மீறி வெளியேறினால் துணியில் ஒட்டிப் புள்ளி விழும். ரவைப் பருவம் போதும். அனுப்பிய பையும் சிறியது. 100 கிராம் வேர் ஊறினால் உப்பிக்கொண்டு பந்தாக இறுகி, நடுவில் தண்ணீரே நுழைவதில்லை. பழைய தலையணை உறையில் தளர்வாகக் கட்டினேன்.

அடுத்தது சூடு. இந்த வேரைத் தளதளவென்று கொதிக்க வைத்தால் சிவப்போடு பழுப்பு நிறப் பொருள்களும் இறங்கி நிறத்தைக் கலங்கடிக்கும். முதல் துணி துருப் பிடித்த மாதிரி ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை போதும். வெப்பமானி இல்லாதவர்கள் பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் நிலையில் அடுப்பைக் குறைத்துவிடலாம். குமிழி மேலே ஓடி வர ஆரம்பித்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் விஷயத்திலும் தாள் என்னைத் தவறாக வழிநடத்தியது. 'சுத்திகரித்த நீரையே பயன்படுத்தவும்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. மற்ற சாயங்களுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் அலிசாரின் சிவப்பு முழுதாக மலரக் கால்சியம் வேண்டும். மென்னீரில் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிடும். சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் இந்த ஒரு வேலைக்கு அது வரம். அப்படி இல்லையென்றால் தூய சுண்ணக்கட்டித் தூளை ஒரு சிட்டிகை போடுங்கள். ஆனால் நீரில் இரும்பு இருக்கக் கூடாது, பாத்திரமும் இரும்பாகவோ தாமிரமாகவோ இருக்கக் கூடாது. எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம். அது மறுபடி சமையலுக்குத் திரும்பக் கூடாது என்பதையும் தாள் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் எனக்கு முக்கியமான சந்தேகம் வந்தது. சாயத்தை முதலில் முழுக்க இறக்கி, வடித்து, பிறகு துணியைப் போடுவது என்ற வரிசையே இந்த வேருக்குப் பொருந்துமா? அலிசாரின் தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும். நீர் தன்னால் தாங்க முடிந்த அளவை எடுத்துக்கொண்டதும் நின்றுவிடுகிறது. மீதி வேரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் அலுமினியம் ஏறிய துணி பக்கத்தில் இருந்தால்? துணி நீரிலிருந்து சாயத்தை இழுக்கும், நீர் வெறுமையாகும், வேர் மறுபடி விட்டுக்கொடுக்கும். துணியே கிணற்றில் வாளி போடுகிற ஆளாகிவிடுகிறது.

செய்து பார்த்தேன். அரைத்த வேரைக் குளிர்ந்த நீரில் ஒரே ஓர் அலசு அலசி, அந்த மஞ்சள் கலந்த நீரைத் தனியே வைத்தேன். (அதையும் கொட்டவில்லை. ஒரு கைக்குட்டையை அதில் போட்டதில் பீச் பழ நிறம் வந்தது.) பிறகு தலையணை உறையில் வேர், சுற்றி மூன்று லிட்டர் நீர், நனைத்த துணி, எல்லாம் ஒன்றாகப் பாத்திரத்தில். குளிர்ந்த நீரிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் 65 டிகிரிக்குக் கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் அங்கேயே நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை துணியைப் புரட்டிக்கொடுத்தேன். அடுப்பை அணைத்து இரவு முழுவதும் அப்படியே விட்டேன். காலையில் எடுத்தபோது மகள் சமையலறைக்கு வந்தாள். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. துணியை வாங்கித் தன் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கப் போய்விட்டாள். காய்ந்த மிளகாய் வற்றலின் உட்புறம் எப்படி இருக்கும், அந்தச் சிவப்பு. அதே 100 கிராம் வேர், அதே 100 கிராம் துணி.

புரட்டுவதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். பை துணியோடு உரசி நிற்கும் இடத்தில் அடர்த்தியாக ஏறிவிடும். என் துணியின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு அப்படி ஒரு நிழல் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் தொலைபேசியில் இருந்தேன்.

மாதுளை ஓட்டுக்கு இந்த ஜாக்கிரதை எதுவும் தேவையில்லை. நன்கு கரையும், கொதியைத் தாங்கும், தானே டானின் நிறைந்தது. பழைய பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் வைத்ததும் திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வைத்ததும் சாஸரில் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. எரிவாயு மிச்சம். ஆனால் தூளைத் தளர்வாக விட்டால் குக்கரின் ஆவித்துளையை அடைக்கும். பையில் கட்டிப் போடுங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். படிகாரத் துணியில் கடுகுக் கீரைப் பூ மாதிரி அடங்கிய மஞ்சள். காசுக்கட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெந்நீரில் கரைகிறது, நல்ல மரப் பழுப்பு தருகிறது, தொந்தரவு கொடுப்பதில்லை. பெட்டியிலேயே சாதுவான பொருள்.

அன்னபேதியை மட்டும் கையில் உறை மாட்டிக்கொண்டு, மிகக் கொஞ்சமாக. 100 கிராம் துணிக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம். கடுக்காய் ஏறிய துணியை அந்த நீரில் முக்கியதும் கண்ணெதிரே சாம்பல் நிறமாகி, மேகம் திரள்வது போலக் கறுக்கும். அந்தக் காலத்துக் கறுப்பு எழுதுமையும் இதே இரும்பும் துவர்ப்பும் சேர்ந்ததுதான். மாதுளை மஞ்சளை இதில் இரண்டே நிமிடம் காட்டினால் பாசிப் பச்சை. தாள் 'பத்து கிராம் சேர்க்கவும்' என்கிறது. தயவுசெய்து சேர்க்காதீர்கள். அதிக இரும்பு பருத்தியைக் காலப்போக்கில் நலியச் செய்யும்; துணி தொட்டால் கிழியும்.

பெரிய சண்டை அவுரியில்தான். அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததும் காய்ந்த வைக்கோல் வாசனை, பச்சை நிறம். 'கொதிக்க வைத்துத் துணியை முக்கவும், நீலம் தயார்' என்றது தாள். செய்தேன். சாக்கடைப் பச்சை நீர் வந்தது, துணி அழுக்கானது, ஒரே அலசலில் அந்த அழுக்கும் போனது. பெட்டிக்குள் வைத்திருந்தது தலைமுடிக்குப் பூசும் அவுரி இலைப்பொடி. அதில் நீலம் இன்னும் நீலமாகவே இல்லை. இண்டிகன் என்ற நிறமற்ற வடிவில் இருக்கிறது. மிதமான நீரில் குழைத்தால் இலையிலேயே உள்ள நொதி அதை உடைக்க, காற்றுப்பட்டு நீலமாகிறது. முடியில் அப்படித்தான் ஏறுகிறது. கொதிக்கும் நீரில் நொதி செத்துவிடும். துணிக்கு வேண்டியது வேறு சரக்கு: பச்சை இலையை நீரில் ஊற விட்டுப் புளிக்க வைத்து, இலையை அகற்றி, சுண்ணாம்பு சேர்த்து அந்த நீரை அடித்து அடித்துக் காற்றூட்டி, அடியில் படியும் நீல வண்டலை எடுத்துக் காய வைத்த கட்டி. இலையிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்கும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. உண்மையான நீலக் கட்டியை நகத்தால் அழுத்தித் தேய்த்தால் செம்பு மாதிரி மின்னும். இலைப்பொடி எவ்வளவு தேய்த்தாலும் பச்சைதான்.

நிறுவனத்துக்கு எழுதினேன். 'இயற்கைப் பொருள்களில் நிற வேறுபாடு இயல்பு' என்று பதில் வந்தது. பச்சைக்கும் நீலத்துக்கும் இடையிலுள்ளதை வேறுபாடு என்று சொல்ல நல்ல தைரியம் வேண்டும். படத்தோடு மறுபடி எழுதினேன், நகச் சோதனையையும் விளக்கி. அதற்கு வேறு யாரோ ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். எட்டு நாளில் இருபத்தைந்து கிராம் நீலத் தூள் தனியாக வந்தது. கூடுதல் பணம் கேட்கவில்லை. தப்பைத் திருத்தியவர்களுக்கு நன்றி.

நீலத் தூள் தண்ணீரில் கரையாது. காரத்தில், ஆக்சிஜன் இல்லாத சூழலில் வேறு வடிவத்துக்கு மாறினால்தான் கரையும். இருபத்தைந்து கிராம் நீலத்துக்கு ஐம்பது கிராம் நீற்றிய சுண்ணாம்பு, எழுபத்தைந்து கிராம் ஃபிரக்டோஸ் எனும் பழச்சர்க்கரை: ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற விகிதம், நினைவில் வைக்கச் சுலபம். முதலில் நீலத்தைக் கொஞ்சம் நீரில் கூழாங்கற்களோடு ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் கட்டியில்லாமல் நனைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சேர்த்து 50 டிகிரி சூட்டில், நுரை பொங்காமல் மெதுவாகக் கிளறி மூடி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் மேலே செம்பு நிறத்தில் ஓர் ஆடை. கரண்டியால் அதை ஒதுக்கினால் கீழே தெளிந்த மஞ்சள் பச்சை நீர். துணியை மூன்று நிமிடம் உள்ளே வைத்து எடுத்தேன். வரும்போது பச்சை. கொடியில் போட்டதும் ஓரத்திலிருந்து நீலம் பரவ ஆரம்பித்தது. மடிப்புகளுக்குள் கடைசி வரை பச்சை பதுங்கியிருந்தது. நான் வேறு வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே முக்கில் நீண்ட நேரம் வைப்பதைவிட, சின்னச் சின்ன முக்காக ஐந்தாறு தடவை, நடுவில் காற்று காட்டி எடுத்தால்தான் ஆழ்ந்த நீலம். இதற்குப் படிகாரம், கடுக்காய் எதுவும் வேண்டாம்; சலவை சோடாவில் கொதித்த சுத்தமான துணி போதும்.

'அழியாத நிறங்கள்' என்ற வாசகத்தையும் சோதித்தேன். ஆய்வகங்களில் 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு ஒளி உறுதியைச் சொல்வார்கள். என்னிடம் சன்னலும் அட்டையும் இருந்தன. ஒவ்வொரு துணியிலும் ஒரு பட்டையை வெட்டி, பாதியை அட்டையால் மறைத்து, வெயில் விழும் கண்ணாடியில் நான்கு வாரம் ஒட்டி வைத்தேன். வேர்ச் சிவப்பிலும் நீலத்திலும் கோடு தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மாதுளை கொஞ்சம் மங்கிற்று. காசுக்கட்டி மாறவில்லை. மஞ்சள் தூள் முதல் வாரத்திலேயே விடைபெற்றுவிட்டது. அட்டைக்கு அடியில் இருந்த பாதி மட்டும் பளிச்சென்று சாட்சி சொல்லிற்று. அதே மஞ்சள் துணியின் இன்னொரு துண்டு, காரமான சலவை சோப்பு பட்டதும் செந்நிறத்துக்கு மாறிற்று. மஞ்சளைச் சாயப் பெட்டியில் வைப்பதே வீண். வைத்ததும் போதாதென்று அட்டையில் அதன் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

அதே அட்டையில் 'ரசாயனம் அற்றது' என்ற வாசகமும் உண்டு. படிகாரமும் அன்னபேதியும் பின் என்ன? வேரிலிருக்கும் அலிசாரினைக் கிராபே, லீபர்மான் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் 1868-இல் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். சில ஆண்டுகளில் இந்த வேரைப் பயிரிட்ட வயல்கள் வேறு பயிருக்குப் போயின. ஆலையில் செய்த நீலம் 1897-இல் பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்திலிருந்து சந்தைக்கு வந்தது. மூலக்கூறு என்ற அளவில் அதுவும் இதுவும் ஒன்றே. வேரில் அலிசாரினோடு இன்னும் நாலைந்து நிறப்பொருள்கள் கூடவே வருகின்றன. என் கண்ணுக்கு அந்தக் கூட்டுதான் நிறத்தை அடக்கிக் காட்டுகிறது. அதற்காகவே இந்த வேலையைச் செய்கிறேன். ரசாயனம் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பது வருடம் அதைத்தான் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, பெட்டி எப்படி? வேர் முதல் தரம். கடுக்காய், மாதுளை, காசுக்கட்டி மூன்றும் புதுசாக, பூச்சி இல்லாமல் இருந்தன. படிகாரம் போதாது, முப்பது கிராம்தான் வைத்திருக்கிறார்கள், அது 200 கிராம் துணிக்கே சரியாகப் போய்விடும். சலவை சோடா இல்லை, சுண்ணாம்பு இல்லை, பை உதவாது. தாளை வேறு யாராவது, ஒரு முறையாவது பருத்தியில் சாயம் ஏற்றிப் பார்த்த யாராவது, எழுத வேண்டும். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அதில் இரண்டரை அந்த வேருக்கு. முன்பின் பழக்கமில்லாதவர்கள் தாளை நம்பி வாங்கினால் முதல் துணியோடு மனம் வெறுத்து, மீதியைப் பரணில் போட்டுவிடுவார்கள்.

கடைசி 100 கிராம் வேர் இன்னும் இருக்கிறது. இந்த வாரம் மகளுக்கு ஒரு துப்பட்டா; கடுக்காய் ஏற்றியாகிவிட்டது, படிகாரத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. வேரை மட்டும் தனியாக, அரைத்துத் தருவீர்களா என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். மரியாதையாகப் பதில் எழுதிய அந்த மனிதர் கையில் கிடைத்தால் நல்லது.